அத்தையின் கூழ்ப்பானை

முசரவாக்கம்
சனிக்கிழமை, மாலை ஆறு மணி

அன்புள்ள ஏஞ்சலுக்கு,

வாந்தி எடுத்தவரைக் கையால் துடைத்துவிட்ட ஒருவர், அதன் பிறகு எத்தனை நாள் கழித்து ஊருக்குக் கூழ் கரைக்கலாம்? மத்தியானத்திலிருந்து இதையேதான் கேட்டுக்கொண்டிருக்கிறேன், எனக்குப் பதில் தெரியவில்லை. போன ஜனவரியில் உங்கள் வார்டை ஒன்பது நாள் மூடி வைத்தபோது நீ நாற்பத்தெட்டு மணி நேரக் கணக்கு ஒன்று சொன்னாய், வாந்தி நின்ற நேரத்திலிருந்து இரண்டு நாள் யாரும் வேலைக்கு வரக்கூடாது என்று. அது எடுத்தவருக்கான கணக்கு. இன்னும் எடுக்காதவருக்கு எந்த நேரத்திலிருந்து எண்ணுவது?

இங்கே எல்லோரும் சுகம், நீயும் சுகமாக இருக்க வேண்டும் என்றுதான் எப்போதும் தொடங்குவேன். இந்த முறை அதில் இரண்டாவது பாதியை மட்டும் வைத்துக்கொள். பயப்படும்படி ஒன்றும் இல்லை, உன் அப்பாவுக்கு நன்றாகிவிட்டது, எனக்கும் மூன்று மணிக்கு மேல் ஒன்றும் வரவில்லை, உப்புச் சர்க்கரைத் தண்ணீர் குடித்துக்கொண்டேதான் எழுதுகிறேன். போனில் சொல்லியிருக்கலாம், ஆனால் நம் கூடத்தில் பேசுவது கங்கை அத்தை வீட்டில் கேட்கும், நடுவில் இருப்பது ஒற்றைச் சுவர். அதனால்தான் எழுதுகிறேன். பக்கங்களைப் படம் எடுத்து அனுப்புவேன். நீ அத்தைக்கு போன் போட்டு எதுவும் கேட்காதே, அவருக்கு நான் உன்னிடம் சொல்லிவிட்டேன் என்று தெரிந்தால் இன்னும் மோசமாகும்.

நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன். வியாழக்கிழமை ஐயம்பேட்டையில் ஒரு கருமாதிக்கு நம் தெருவிலிருந்து எட்டுப் பேர் ஒரே ஷேர் ஆட்டோவில் போனார்கள், உன் அப்பாவும் போனார். நான் லேபுக்குப் போய்விட்டேன், அத்தை கூழுக்குக் கேழ்வரகு அரைக்க வேண்டும் என்று போகவில்லை. வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஐந்து மணிக்கு அப்பா மோட்டார் கடையை அடைத்துவிட்டு வந்தவர் செருப்பைக் கழற்றுவதற்குள் முற்றத்திலேயே எடுத்துவிட்டார், குளியலறை வரை கூடப் போக முடியவில்லையாம். அப்புறம் பேதி. தம்பியின் சத்தம் கேட்டு ஓடி வந்தது அத்தைதான். அவரைப் பிடித்து உட்காரவைத்து, முகத்தைத் தன் முந்தானையால் துடைத்து, தரையில் சாம்பலைக் கொட்டிப் பழைய துணியால் வழித்து, எல்லாம் வெறும் கையால். நான் எட்டு மணிக்கு வந்தபோது முற்றம் காய்ந்திருந்தது. சோப்பு போட்டுக் கழுவினீர்களா அக்கா என்று கேட்டேன். சாம்பல் போட்டு நல்லா தேய்ச்சிட்டேன், சாம்பல விட சோப்பு இன்னா ஒசத்தியா என்றார். அதே கையோடுதான் அன்று இரண்டு வீட்டுக்கும் சேர்த்துக் கேழ்வரகு மாவைப் புளிக்கக் கரைத்து வைத்திருக்கிறார். அப்பா காலையில் எழுந்து, கருமாதி சோறு பாரு, செத்தவரு கூடவே கூப்ட்டுக்கினு போவ பாத்தாரு என்று சிரித்துவிட்டு நான்கு இட்லி சாப்பிட்டார். அவருக்கு அதோடு முடிந்தது. இன்று பதினொன்றரைக்கு லேபில் ரத்தம் எடுத்துக்கொண்டிருந்தபோது எனக்கு வந்தது. ஊசியை வைத்துவிட்டு ஓட வேண்டியதாயிற்று. ஆட்டோ பிடித்து வீடு வந்து சேர்வதற்குள் இரண்டு முறை நிறுத்தச் சொன்னேன்.

இது எந்த வியாதி என்று யாராவது என்னைக் கேட்டால் நிச்சயமாகச் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை. இருபது வருஷமாக மற்றவர்கள் மலத்தை நுண்ணோக்கியில் பார்த்துக்கொண்டிருக்கிறேன், அமீபா பார்த்திருக்கிறேன், புழுமுட்டை பார்த்திருக்கிறேன், ஒரு வைரஸை ஒரு நாளும் பார்த்ததில்லை, அந்தக் கண்ணாடிக்கு அது தெரியாது. உங்கள் வார்டை மூடவைத்த அந்த நோரோவைரஸுக்கு இந்த ஊரில் சோதனை செய்து ரிப்போர்ட் கொடுக்கும் இடம் எனக்குத் தெரிந்து இல்லை. சாப்பிட்டு ஒரு நாளுக்கு மேல் கழித்துத் திடீரென்று பீறிட்டு வருவது, ரத்தம் இல்லை, பெரிய காய்ச்சல் இல்லை, ஒரு நாளில் போய்விடுவது, பிறகு துடைத்த வீட்டில் அடுத்தவருக்கு வருவது, இவ்வளவையும் வைத்துத்தான் ஊகிக்கிறேன். ஊகத்தை நம்பாதே என்று உனக்குச் சின்ன வயதிலிருந்து சொன்னவள் நான்தான். கருமாதிச் சாம்பார் கெட்டுப்போயிருந்தது என்று உன் அப்பா சொல்கிறார். அப்படியானால் அந்தச் சாம்பாரைச் சாப்பிடாத எனக்கு ஏன் வந்தது என்று கேட்டால், நீ என்னப் பாத்து பயந்துக்கினே இருந்த, அதான் என்கிறார்.

இது சாதாரண வாரமாக இருந்தால் நான் இவ்வளவு பயப்பட மாட்டேன். நாளைக்கு ஆடிக்கூழ். நாற்பது வீட்டுப் பானையும் கோயிலில் ஒரே அண்டாவில் விழுந்து, பூசாரி பரசுராமன் மாமா முழங்கை வரை கையை விட்டுக் கலக்கி, அதிலிருந்துதான் ஊர் முழுக்கக் குடிக்கும் என்பது உனக்குத் தெரியும். உனக்குத் தெரியாதது ஒன்று இருக்கிறது. அம்சா இந்த வருஷம் வேண்டுதல் வைத்திருக்கிறாள். நம் எதிர்வரிசையில் இருக்கும் அம்சாதான், உனக்கு மருதாணி வைத்துவிடுவாளே, அவள் பிள்ளை ஏழாம் மாதத்திலேயே பிறந்து ஒன்றரைக் கிலோவில் நாற்பது நாள் கண்ணாடிப் பெட்டியில் இருந்ததே, அந்தக் குழந்தைக்கு இப்போது பத்து மாதம், இன்னும் ஆறு கிலோ தாண்டவில்லை. போன வாரம் என்னிடம் வந்து, மொத கூழு ஆத்தா கூழுதான்னு வேண்டிக்கினேன்க்கா, அதுக்காவே கேவுரு கஞ்சி கூட வாய்ல வைக்காம வெச்சிருக்கேன் என்றாள். நாளைக்குக் கலந்த அண்டாவிலிருந்து எடுத்து அந்தக் குழந்தை வாயில் வைப்பார்கள். இன்று வாசலில் அவளைப் பார்த்தபோது, குழந்தைக்கு வயிறு விஷயத்தில் கவனமாக இரு என்று மட்டும் சொன்னேன். மூணு தபா சொட்டு போட்டாச்சிக்கா, இனிமே வயித்தால போவாதுன்னு நர்ஸம்மா சொல்ட்டாங்க என்று சிரித்தாள். அந்தச் சொட்டு மருந்து ரோட்டா என்ற வேறொரு வைரஸுக்கு, மிக நல்ல மருந்துதான், அது வராத காலத்தில் ஆஸ்பத்திரியில் நான் பார்த்த குழந்தைகளை மறக்க முடியாது. ஆனால் இதற்கு இன்னும் சொட்டும் இல்லை ஊசியும் இல்லை. உன் அப்பாவுக்கு ஒரு நாள் வாந்தி என்றால் நான்கு இட்லியில் சரியாகிவிடும். ஆறு கிலோக் குழந்தையின் உடம்பில் எவ்வளவு தண்ணீர் இருக்கும், நீயே நர்ஸ், உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

எங்கள் பானை போகாது என்று நான் மத்தியானமே முடிவு செய்துவிட்டேன். நான் கவலைப்படுவது அத்தையின் பானையைப் பற்றி. நான்கு மணிக்குக் கொஞ்சம் நிமிர்ந்து உட்கார முடிந்ததும் அத்தை வீட்டுக்குப் போனேன், படியோடு நின்றுதான் பேசினேன். அவர் நொய் போட்டுக் களி கிண்டிக்கொண்டிருந்தார். அடுப்பில் வேகும் வரை ஆபத்து இல்லை அக்கா, கொதித்தால் எல்லாம் செத்துவிடும், ஆனால் காலையில் மோரும் வெங்காயமும் போட்டு நீங்கள் கையால் கரைக்கும்போதுதான் பயம், வெள்ளிக்கிழமை துடைத்த கை அது, உங்களுக்கு இன்னும் வரவில்லை என்றால் வராது என்று அர்த்தம் இல்லை, நாளைக் காலையில் கூட வரலாம் என்றேன். கரண்டி நிற்கவில்லை. எனக்கு ஒண்ணும் இல்ல, கல்லு மாதிரி இருக்கேன் என்றார். லேபிலிருந்து கொண்டுவந்த கையுறையைக் காட்டினேன். அதைப் பார்த்துச் சத்தமாகச் சிரித்துவிட்டார். ஏன் எஸ்தரு, நான் ஆத்தாளுக்குக் கூழு கரைக்கிறேனா, இல்ல கொரோனா பொணம் தூக்குறேனா என்றார். நானும் சிரித்திருப்பேன், வேறு நாளாக இருந்தால். அப்படியானால் இந்த வருஷம் ஒரு வருஷம் மட்டும் ஊற்றாமல் விடுங்கள் என்றேன். அப்போதுதான் கரண்டியை வைத்துவிட்டுத் திரும்பினார்.

உனக்கு இதை நான் சொன்னதில்லை என்று நினைக்கிறேன். இருபத்தாறு வருஷத்துக்கு முன்னால் நான் கல்யாணமாகி வந்த முதல் ஆடியில், பானையோடு கோயிலுக்குப் போனபோது பரசுராமன் மாமாவின் அம்மா என்னை நிறுத்திவிட்டார். சர்ச்சுக்குப் போறவ கையால கரைச்சது அண்டாவுல வேணாம் என்றார். நான் எம்.எஸ்ஸி. முடித்து இரண்டு மாதம், வாயில் எத்தனையோ வந்தது, ஒன்றும் சொல்லவில்லை, சொல்லாமல் இருப்பதுதான் மரியாதை என்று நினைத்தேன். அத்தை பின்னாலிருந்து வந்து பானையை என் தலையிலிருந்து வாங்கி, எங்க வூட்டு அடுப்புல வெந்தது, எவளாவது வேணாம்னு சொன்னா என் பானையும் வேணாம் என்று சொல்லி அவரே ஊற்றினார். அதிலிருந்து ஒவ்வொரு வருஷமும் அத்தை தன் பானையையும் என் பானையையும் முதலில் ஊற்றுவார், பிறகுதான் மற்ற வீடுகள். சர்ச்சில் சபைப் பெண்கள் சிலர் என்னை இதற்காகக் குறையாகக் கேட்டிருக்கிறார்கள். அவர்களுக்கும் நான் பதில் சொன்னதில்லை. இன்று அத்தை சொன்னது இதுதான்: அன்னிக்கு உன் பானைக்காக ஊரையே எதுத்துக்கினு நின்னேன், இன்னிக்கு நீ என் பானைய எறக்க சொல்றியா? கேட்டுவிட்டு அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டார். நான் கையுறையை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

உன் அப்பாவிடம் சொன்னால் அவர் இரண்டு பக்கமும் தலையாட்டுகிறார். கோயில் வாசல்ல தான் சானிடைசர் பாட்டில் வெச்சிருக்காங்களே, கொரோனாவுலேர்ந்து பரசுராமன் அது ஒண்ண மட்டும் கரெக்டா வெச்சிக்கினு இருக்காரு, அக்காவ அத போட்டுக்கினு கரைக்க சொல்லு, தீந்துது என்கிறார். இந்தத் தெருவே அப்படித்தான் நினைக்கிறது, பெண்கள் எல்லோரும் வரிசையாக அதைத் தேய்த்துக்கொண்டுதான் பானையைத் தொடுகிறார்கள், தேய்த்ததும் மனது நிம்மதியாகிவிடுகிறது. கொரோனா வைரஸுக்கு மேலே கொழுப்பு உறை இருந்தது, சானிடைசரில் இருக்கும் ஸ்பிரிட் பட்டால் உடைந்தது. இதற்கு அந்த உறை இல்லை, ஸ்பிரிட்டுக்கு அவ்வளவாக அசைந்து கொடுக்காது, சோப்பும் ஓடும் தண்ணீரும்தான் அதைக் கையிலிருந்து இறக்கும், தரைக்குப் பிளீச்சிங் பவுடர்தான். இதை நான் சொல்லி முடிப்பதற்குள் அவர் டிவி போட்டுவிட்டார். கோபமில்லை, அவர் அக்காவுக்கும் எனக்கும் நடுவில் அவர் எப்போதும் டிவி போடுபவர்தான். முற்றத்தை மட்டும் நானே பிளீச்சிங் கரைத்துக் கழுவினேன், பாதியில் தலை சுற்றி உட்கார்ந்துவிட்டேன்.

இப்போது என் முன்னால் இருப்பது ஒரே வழி, காலையில் கோயிலில் பரசுராமன் மாமாவிடம் சொல்வது. பம்பைக்காரரை அழைக்க வெளியூர் போனவர் விடிந்ததும் நேரே கோயிலுக்குத்தான் வருவார். எல்லோர் முன்னிலையிலும்தான் சொல்ல வேண்டியிருக்கும், அங்கே தனியாகப் பேச இடம் ஏது. சொன்னால் அத்தைக்கு அது எவ்வளவு பெரிய தலைகுனிவு என்று எனக்குத் தெரியும், அதுவும் நான் சொல்லி. நான் நினைப்பது தப்பாகவும் இருக்கலாம், அத்தைக்கு ஒன்றுமே வராமல் போகலாம், அவர் கை சுத்தமாகவே இருக்கலாம், அப்போது ஒரு நல்ல மனுஷியை ஊர் நடுவே காரணமில்லாமல் அவமானப்படுத்தியவள் ஆவேன், அது தப்பு என்று நிரூபணமாவதற்குக் கூட வழி இருக்காது, ஒன்றும் நடக்காவிட்டால் நான் தடுத்ததால் நடக்கவில்லையா, இல்லாததால் நடக்கவில்லையா என்று யார் சொல்வது. சொல்லாமல் விட்டால் அந்தக் குழந்தை. இந்த இரண்டையும் மாற்றி மாற்றி வைத்துப் பார்க்கிறேன். ஒவ்வொரு முறையும் குழந்தை பக்கம்தான் வருகிறேன்.

நீ பத்திரமாக இரு. அங்கே குளிர்காலம் வந்தால் உங்கள் வார்டுக்கு இது மறுபடி வரும், உனக்கே வந்தால் வாந்தி நின்ற நேரத்தை எழுதி வைத்துக்கொண்டு அதிலிருந்து முழுசாக இரண்டு நாள் வீட்டில் இரு, ஆள் இல்லை வா என்று உங்கள் இன்சார்ஜ் கெஞ்சினாலும் போகாதே. கழுவிக் கழுவிக் கை வெடிக்கிறது என்று சொன்னாயே, தூங்கப் போகும்போது தேங்காய் எண்ணெய் தடவு. ஞாயிற்றுக்கிழமை ஆலயத்துக்குப் போக முடியாவிட்டாலும் ஒரு சங்கீதம் வாசி. உன் அப்பா உனக்குத் தன் அன்பைச் சொல்லச் சொன்னார், அதையும் டிவியைப் பார்த்துக்கொண்டேதான் சொன்னார். கர்த்தர் உன் போக்கையும் வரத்தையும் காக்கட்டும், உன் கையால் தொடுகிற எல்லோருக்கும் உன் கை நல்லதைச் செய்யட்டும். நான் கேட்ட கேள்விக்கு உன் சீனியர்களிடம் விசாரித்து எழுது, மறந்துவிடாதே.

உன் நினைவாகவே இருக்கும்
அம்மா
எஸ்தர் ராமராஜன்

ஞாயிறு, மாலை

நேற்றுப் படம் எடுத்து அனுப்பவில்லை. நடந்ததையும் எழுதிவிட்டு அனுப்பலாம் என்று வைத்திருந்தேன்.

ஏழரைக்கு அத்தை மஞ்சள் புடவை கட்டி, வேப்பிலை சுற்றிய பானையைத் தலையில் வைத்துக்கொண்டு கிளம்பினார். என் வாசலைப் பார்க்கவில்லை. நான் வெறும் கையோடு பின்னால் போனேன். கோயிலில் பம்பை அடித்துக்கொண்டிருந்தார்கள். வழக்கம்போல முதலில் அத்தையின் பானைக்குத்தான் பரசுராமன் மாமா கையை நீட்டினார். நான் சொன்னேன். பம்பைச் சத்தத்தில் யாருக்கும் கேட்கவில்லை. நான் ஏதோ சொல்கிறேன் என்று பார்த்துப் பம்பைக்காரர் நிறுத்திவிட்டார், அதனால் இரண்டாவது முறை சொன்னது தெரு முழுக்கக் கேட்டது. வெள்ளிக்கிழமை என் வீட்டுக்காரர் வாந்தி எடுத்தார், அக்கா கையால் துடைத்தார்கள், நேற்று எனக்கும் வந்தது, இந்தப் பானை அண்டாவில் விழ வேண்டாம், குழந்தைக்குக் கொடுக்கப் போகிறீர்கள். இவ்வளவுதான் சொன்னேன். பிறகு பின்னாலிருந்து ஒரு குரல், இருவத்தாறு வருஷமா வாயத் தொறக்காதவ, தொறந்தா இப்டியா தொறப்பா என்றது. சர்ச்சுக்கு நேரமாவலையா உனக்கு என்றது இன்னொன்று. அத்தை தலையில் பானையோடு அம்மனையே பார்த்துக்கொண்டு நின்றார். அவர் திட்டியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

பரசுராமன் மாமா, இன்னா கங்கா, நெசமா என்று கேட்டார். தம்பி வாந்தி எடுத்தா அக்கா தொடைக்காம வேற எவ தொடைப்பா என்றார் அத்தை. மாமா பானையை இறக்கி அண்டாவுக்குக் கொண்டுபோகாமல் அம்மன் எதிரே வைத்தார். அந்தப் பானை எதிரிலேயே சூடம் ஏற்றி, இத ஆத்தா நேரா வாங்கிக்கினா, அண்டாவுக்கு அடுத்த பானை வரட்டும் என்றார். பம்பை மறுபடி ஆரம்பித்தது. சில பானைகள் ஊற்றிய பிறகு, ஐயம்பேட்டைக்குப் போயிருந்த அப்பாதுரையின் மனைவி தன் பானையை வரிசையிலிருந்து எடுத்து அத்தையின் பானைக்குப் பக்கத்தில் வைத்தாள். எங்க வூட்லயும் நேத்து, என்று தொடங்கி மென்று விழுங்கிவிட்டாள். அப்புறம் இன்னொரு வீட்டுக்காரியும் தன் பானையை அங்கே கொண்டுவந்து வைத்தாள், அவள் அந்த அளவு கூடச் சொல்லவில்லை. யாரும் கேட்கவில்லை. மாமா கலக்குவதற்கு முன் குழாயடியில் சோப்பு போட்டு முழங்கை வரை கழுவினார், யார் சொல்லி என்று தெரியவில்லை. அம்சா அண்டாவிலிருந்து ஒரு சொட்டு எடுத்துக் குழந்தையின் உதட்டில் வைத்தாள், அது புளிப்பில் முகத்தைச் சுளித்தது, எல்லோரும் சிரித்தார்கள். முப்பத்தாறு பானை அதில் விழுந்திருக்கிறது. அவற்றில் சொல்லாமல் ஊற்றியவர்கள் எத்தனை பேர் என்று எனக்குத் தெரியாது. வருவதென்றால் இரண்டு நாளில் வந்துவிடும், செவ்வாய்க்கிழமை வரை அந்தக் குழந்தையைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும்.

பதினொன்றேகாலுக்குச் சுவருக்கு அந்தப் பக்கம் அத்தை வாந்தி எடுக்கும் சத்தம் கேட்டது. போய்க் கதவைத் தட்டினேன், உள்ளே தாழ்ப்பாள் போட்டிருந்தார், திறக்கவில்லை. ஜன்னல் வழியாக அம்சாவைத்தான் கூப்பிட்டார். அவள் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டே தெருவைத் தாண்டி ஓடி வந்தாள். அவள் படியேறுவதற்குள் உள்ளேயிருந்து அத்தை, அங்கியே நில்லுடி, கொயந்தய தூக்கிக்கினு உள்ள வராத, தூரம் போ என்று கத்தினார். அம்சா தெருவிலேயே நின்றுவிட்டாள். நானும் படியில் நின்றேன். கொஞ்சம் பொறுத்துத் தாழ்ப்பாளை எடுக்கும் சத்தம் கேட்டது, நான் உள்ளே போனேன்.

மாலை நான்கு மணி வரை உப்புச் சர்க்கரைக் கரைசல் ஆறு தம்ளர் குடித்திருக்கிறார், நான்கு தம்ளர் உள்ளே நின்றிருக்கிறது. சிறுநீர் இரண்டு முறை போயிருக்கிறது. தம்ளரை என் கையிலிருந்துதான் வாங்கிக்கொள்கிறார், குடித்ததும் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்கிறார்.